வெள்ளைச் சேறு

பாரி, இத்தாலி
12 மார்ச் 2004

அன்புள்ள தம்பி ரங்கெல்,

நீயும் உன் வீட்டுக்காரி வேனெத்தாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அவள் கால் வீக்கம் வடிந்ததா? என் முதுகு மழைக்கு முன்னால் தகவல் சொல்லிவிடுகிறது, மற்றபடி எனக்குக் குறையில்லை. நீங்கள் அனுப்பிய சிவப்பு வெள்ளை நூலை ஊரிலிருந்து வரும் வேன் டிரைவர் கீரோ கொண்டுவந்து கொடுத்தான். மார்ச் பிறந்த அன்றே நம் ஊர் வழக்கப்படி கையில் கட்டிக்கொண்டேன். நான் பார்த்துக்கொள்ளும் கிழவி, சிஞ்ஞோரா அல்பெர்த்தினா, தனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தாள். பாதியை வெட்டி அவளுக்கும் கட்டிவிட்டேன்.

போனில் பேசலாம் என்றால் கார்டு தீர்ந்துவிடுகிறது. நீயும் "எல்லாம் நல்லாருக்குக்கா"ன்னு சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

பத்திரம் வந்து சேர்ந்தது. என் பெயரில் நிலம், ரங்கெல். ஆறு வருஷமாக அடுத்தவர் வீட்டுக் கிழவிகளைக் குளிப்பாட்டி, அவர்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்கிற வேலையெல்லாம் செய்து, ப்ரெஸ்தோவோவில் ஆற்றோரம் ஒரு துண்டு பூமி. ஒற்றை மாடி போதும். சமையலறை ஜன்னல் ஆற்றைப் பார்த்து இருக்க வேண்டும். அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் வந்துவிடுவேன், அதற்குப் பிறகு யாருக்கும் சூப் ஊட்டப் போவதில்லை.

ஒரே கவலைதான். பனி உருகும்போது அந்தத் தாழ்வில் தண்ணீர் நிற்கும் என்று பக்கத்துத் தோட்டத்து மெத்தோதி அண்ணன் நான் வாங்கும்போதே சொல்லியனுப்பினார். மண் அடித்து உயர்த்த என்ன செய்யலாம் என்று விசாரித்து எழுது. காகித ஆலையில் உன் வேலை எப்படி? புது முதலாளி மனுஷனா?

உன் கன்னத்தில் ஒரு முத்தம், வேனெத்தாவுக்கு இரண்டு.

அக்கா ஸ்தோயங்கா

*

ப்ரெஸ்தோவோ
4 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். வேனெத்தாவின் கால் இறங்கிவிட்டது, வாய்தான் இறங்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். நீ முதுகுக்கு நல்ல கச்சையாக வாங்கிக் கட்டிக்கொள், காசைப் பார்க்காதே.

நிலத்தைப் போய்ப் பார்த்தேன். மெத்தோதி சொன்னது சரி, முழங்கால் தண்ணீர். வாத்து வளர்க்கலாம். மண் அடிக்கிறவனைக் கேட்டால் உன் வீட்டையே அவனுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஆலையில் பொறியாளர் கல்சேவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "உங்க அக்கா நெலமா? நாமளே நெரப்பிக் குடுத்துடுவோம் ரங்கெல். லாரி நம்மது, டீசல் நம்மது. அவங்க வந்து வீடு கட்டினா போதும்" என்றார். ஆலைச் சேற்றில் சுண்ணாம்பு கலந்து கொட்டுவார்கள். காய்ந்தால் இறுகிவிடும் என்கிறார். உனக்கு ஒரு பைசா செலவில்லை.

நிலம் உன் பெயரில் இருப்பதால் சம்மதம் என்று உன் கையால் நாலு வரி எழுதி அனுப்பு. சீக்கிரம் அனுப்பினால் நல்லது. கல்சேவ் மனசு மாறுகிற ஆள்.

வேறு விசேஷம் இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி ரங்கெல்

*

பாரி
20 ஏப்ரல் 2004

என் தங்கமான தம்பி,

நாங்கள் நலம். நாங்கள் என்று எழுதுகிறேன் பார், கிழவியும் நானும் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிட்டோம். நீ எப்படி, ராத்திரி ஷிஃப்டில் இருமல் வருகிறதா?

உன் கடிதத்தைப் படித்து உட்கார்ந்து சிரித்தேன். ஆலைச் சேறு. எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை? ஆலைக்குப் பின்னால் போய் வாளியில் அள்ளிக்கொண்டு வருவோமே, தயிர் மாதிரி வெள்ளையாக. அப்பா கோழிக் கூண்டில் பரப்புவார். மிளகாய்ப் பாத்தியில் போட்டால் கோடை முழுக்க ஈரம் நிற்கும். ஊரில் போடாத வீடு ஏது? நீ ஒரு தடவை அதில் குப்புற விழுந்து எழுந்து வந்தபோது அம்மா, "இந்தா வந்துட்டான், மாவு மூட்டைக்குள்ள போன பூனை" என்று சொல்லி உன்னை அப்படியே வாசலில் நிற்க வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். மரத்தூளும் தண்ணீரும்தானே, வேறென்ன.

அதனால் என் சம்மதம் இதோ: என் நிலத்தில் ஆலைச் சேற்றைக் கொட்டிக்கொள்ளட்டும், எவ்வளவு வேண்டுமானாலும், மெத்தோதி அண்ணன் வேலி உயரம் வரும்வரை கொட்டட்டும். நான் கேட்டுக்கொண்டேன் என்றே சொல்லு.

கெயோர்கி திருநாளுக்கு ஆட்டுக்குட்டி சுடும்போது எனக்காக ஒரு துண்டு சாப்பிடு. வேனெத்தாவை உப்பைக் குறைக்கச் சொல், கால் மறுபடி வீங்கும். அவளுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரும் படபடப்புக்கு இங்கே ஒரு மாத்திரை இருக்கிறது, கீரோவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னைப் போல ஒரு தம்பி இருக்கும்வரை எனக்கு ஊர் இருக்கிறது.

அக்கா

*

ப்ரெஸ்தோவோ
30 ஜூன் 2004

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். மாத்திரை வந்தது, வேனெத்தா நன்றி சொல்லச் சொன்னாள். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆலையில் ஒரே குழப்பம். சேற்றைப் பிழியும் எந்திரத்தில் இருந்தவர்களில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை அனுப்பவில்லை.

உன் நிலத்தில் வேலை தொடங்கிவிட்டது. தண்ணீர் மறைந்துவிட்டது.

இங்கே வெயில் அதிகம். என் தக்காளி நன்றாக வந்திருக்கிறது. நீ அங்கே வெயிலில் வெளியே போகாதே.

ரங்கெல்

*

பாரி
18 ஜூலை 2004

அன்புத் தம்பிக்கு,

உன் வேலை தப்பியதே, அதுவே போதும். அந்த மூன்று பேரில் யாராவது நம் தெருவா? உன் உடம்பு எப்படி என்று நீ எழுதவில்லை.

தண்ணீர் மறைந்தது என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை நான் கிழவிக்கு நாலு தடவை படித்துக் காட்டினேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினாள். எவ்வளவு உயரம் வந்திருக்கிறது? மேலே நடக்க முடிகிறதா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வேனெத்தாவை நடுவில் நிற்க வை, சமையலறை வரும் இடத்தில். இங்கே ஒரு கொத்தனார் நம் நாட்டுக்காரர் இருக்கிறார், அவரிடம் காட்டி அஸ்திவாரத்துக்கு யோசனை கேட்க வேண்டும்.

மெத்தோதி அண்ணனுக்கு என் விசாரிப்பு. வேலிக்கு மேல் என்னோடு காப்பி குடிக்கத் தயாராக இருக்கச் சொல்லு.

ஆசையுடன்,
ஸ்தோயங்கா

*

ப்ரெஸ்தோவோ
15 செப்டம்பர் 2004

அன்புள்ள அக்கா,

நீ நலமா? நாங்கள் இருக்கிறோம். கேமரா பழுது. வேனெத்தா சுட்ட மிளகாய் அரைத்துப் போட்ட ஜாடிகளைக் கீரோவிடம் கொடுத்திருக்கிறேன். எல்லாம் நம் தோட்டத்து மிளகாய்தான், பயப்படாமல் சாப்பிடு.

அஸ்திவாரத்துக்கு அவசரம் இல்லை அக்கா. கொட்டியது அமர வேண்டும். ஒரு குளிர்காலம் போகட்டும், வேண்டுமானால் இரண்டு. நீயும் அங்கே நல்ல இடத்தில்தான் இருக்கிறாய். கிழவி உன்மேல் பிரியமாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டு விட்டுவிட்டு வராதே. இங்கே என்ன இருக்கிறது.

ரங்கெல்

*

பாரி
9 அக்டோபர் 2004

ரங்கெல்,

ஜாடிகள் உடையாமல் வந்தன. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இரு.

நேராகக் கேட்கிறேன். நான் எதற்குப் பயப்பட வேண்டும்? மிளகாயைப் பயப்படாமல் சாப்பிடு என்று இதற்கு முன் எப்போது எழுதியிருக்கிறாய்?

ஜாடி வாங்கப் போனபோது கீரோவிடம் நிலத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். "பாக்காமயா அக்கா? அந்தப் பக்கம் போறப்ப வண்டிக் கண்ணாடிய ஏத்திட்டுத்தான் போவேன்" என்றான். ஏனடா என்றால் சிரிக்கிறான். "ரங்கெல் அண்ணன்ட்ட கேளுங்க, அவருதான லாரிக்கு வழி காட்டுறாரு" என்று சொல்லிவிட்டு அடுத்தவள் மூட்டையைத் தூக்கப் போய்விட்டான்.

என்ன நாற்றம் அது? எத்தனை நாளாக லாரி வருகிறது? நிரம்பிவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்கு மட்டும் தாமதம் பண்ணாதே.

அக்கா

*

ப்ரெஸ்தோவோ
21 நவம்பர் 2004

மரியாதைக்குரிய ஸ்தோயங்கா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு உன் பக்கத்துத் தோட்டக்காரன் மெத்தோதி எழுதுவது. உன் விலாசத்தைக் கீரோவிடம் வாங்கினேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, கத்திப் பழக்கம்தான் உண்டு. அதனால் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்மேல் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். "இவ்வளவு நாத்தத்த எங்க தலையில கொட்டச் சொல்லிட்டு அவ இத்தாலியில காத்து வாங்குறா" என்று தெருவில் எல்லோரும் பேசுகிறார்கள். நானும் பேசினேன். நீயே உன் கைப்பட எழுதிக் கேட்டாய் என்று ஆலையில் சொல்கிறார்கள். பிறகு என் மனைவிதான் சொன்னாள்: "அவ பாத்துருக்க மாட்டா. அவ போனப்புறந்தான சேறு நெறம் மாறுச்சு."

அதைத்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த வெள்ளைச் சேறு இல்லை அம்மா இது. அப்போது ஆலை மரத்தைக் கூழாக்கியது. புது முதலாளி வந்ததிலிருந்து வெளிநாட்டுப் பழைய காகிதம் லாரி லாரியாக வருகிறது. அதைக் கரைத்து மையைக் கழுவி நல்லதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிழிகிறார்கள். மை, பசை, பிளாஸ்டிக் கிழிசல், தாள் குத்துகிற ஊசி எல்லாம் சேர்ந்த சாம்பல் நிறக் களி. மழை பெய்தால் ஓடுகிறது, வெயில் அடித்தால் புழுங்குகிறது. என் வேலி உயரம் எப்போதோ தாண்டிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் சோப்பு மாதிரி வழுக்குகிறது. போன வாரம் கோழி அறுத்தோம், இரைப்பைக்குள் ஊசி ஊசியாக இருந்தது. என் வேலியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் துண்டில் இத்தாலிய எழுத்து. நீ அங்கே கடைப் பையைத் தூக்கிப் போட, அது உன் நிலத்துக்கே வந்து சேர்கிறது.

ஊரில் இன்னும் சிலர் பழைய நினைப்பில் இதைப் பாத்தியில் போட்டார்கள். நானும் ஒரு வருஷம் போட்டேன், கத்தரிக்காய் கருகிப்போனது. உன் தம்பி போடவில்லை. ஆலை கைமாறிய நாளிலிருந்து ஒரு கரண்டி கூட அவன் தோட்டத்துக்குள் போகவில்லை. தெருவிலேயே நல்ல தக்காளி அவனுடையதுதான். வேலிப் பக்கம் நின்று கேட்டேன்: "ஏண்டா, ஆலைக்குள்ளயே இருக்க, உனக்கு மட்டும் சேறு வேண்டாமா?" அவன், "வெள்ள சேறு வேற, இது வேற மெத்தோதி அண்ணே. நாங்க கையுறை இல்லாம தொடுறதில்ல" என்றான். சொன்ன பிறகுதான் எங்கே நின்று சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். உன் நிலத்தில் நின்றுகொண்டிருந்தான். தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு போய்விட்டான்.

ஆலையின் பழைய குழி நிறைந்துவிட்டது, இடம் பிடித்துத் தருகிறவனுக்கு வேலை நிலைக்கும் என்று கல்சேவ் சொன்னாராம். வேலையிலிருந்து அனுப்பப்பட்ட மூன்று பேரில் என் மருமகனும் ஒருவன். அவன்தான் சொன்னான்.

நான் அதிகாரிகளுக்கு மனு போட்டிருக்கிறேன். நிலம் உன் பெயர் என்பதால் உன்மேல்தான் போட முடிந்தது. என்னை மன்னித்துக்கொள்.

மெத்தோதி

*

ப்ரெஸ்தோவோ
19 டிசம்பர் 2004

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? முதுகு? இங்கே பனி விழுந்துவிட்டது. வேனெத்தா கிறிஸ்துமஸ் விரதத்துக்குப் பீன்ஸ் ஊறப்போட்டிருக்கிறாள். உன் ஞாபகமாக ஒரு தட்டு வைப்போம்.

உன் அக்டோபர் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன்.

அதிகாரிகள் வந்தார்கள். நிலத்தில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், சீசாவில் அள்ளிக்கொண்டு போனார்கள். அனுமதி இல்லாத குப்பை மேடாம். ஆலையைக் கேட்டால், நிலத்துக்காரி கேட்டாள், கொடுத்தோம் என்கிறார்கள். கல்சேவ் என்னைக் கூப்பிட்டு, "ரங்கெல், உங்க அக்கா எழுதின கடுதாசி இருக்குன்னியே, எடுத்துட்டு வா" என்றார். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டேன். நான் என்ன செய்திருக்க முடியும், சொல்லு.

மெத்தோதி உனக்கு எழுதியிருப்பான், தெரியும். அவன் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது. பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம். வேலை போனால் இந்த ஊரில் யார் எனக்கு வேலை தருவார்கள்? நானும் இத்தாலிக்கு வந்து கிழவிகளைக் குளிப்பாட்டவா?

அதிகாரி உனக்கு எழுதிக் கேட்பார். சம்மதம் கொடுத்தபோது அது என்ன சேறு என்று உனக்குத் தெரியுமா என்று. தெரியாது என்று நீ எழுதினால், ஏமாற்றிச் சம்மதம் வாங்கியவன் நான் ஆகிவிடுவேன். ஆலை கையைக் கழுவிவிடும். எல்லாம் என்மேல் விழும். தெரியும் என்று எழுதினால் உனக்கு நிலம்தான் போகும். நீ அங்கே இருக்கிறாய், உன்னை யாரும் தேடி வரப்போவதில்லை.

யோசித்து எழுது. உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ரங்கெல்

*

ப்ரெஸ்தோவோ
30 ஜனவரி 2005

அக்கா,

நலம்தானே? கீரோவிடம் கேட்டேன், நீ வேனுக்கு வருவதே இல்லை என்கிறான். போன் எடுத்த இத்தாலியப் பெண் நீ தூங்குகிறாய் என்றாள். மத்தியானம் நீ எப்போது தூங்கியிருக்கிறாய்?

வேனெத்தா தெருவில் இறங்க முடியவில்லை. ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றால் மெத்தோதி வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. ஆமாம், உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் கடிதத்தில் தயிர் மாதிரி என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பேனாவை எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி

*

பாரி
1 மார்ச் 2005

ரங்கெலுக்கு,

அதிகாரியின் கடிதம் வந்தது. கூடவே நான் உனக்கு எழுதிய கடிதத்தின் நகலும் வந்தது. முழுசாக. வேனெத்தாவின் கால், அவள் மாதவிடாய், மாவு மூட்டைப் பூனை, எல்லாவற்றின்மேலும் ஆலையின் முத்திரை. "உன்னைப் போல ஒரு தம்பி" என்ற வரிக்கு மேலே ஏதோ எண் போட்டிருக்கிறார்கள். அம்மா உன்மேல் தண்ணீர் ஊற்றிய கதையைக் கல்சேவும் அவர் ஆட்களும் உட்கார்ந்து படித்திருப்பார்கள். எனக்கு நிலத்தைவிட அதுதான் தாங்கவில்லை.

எழுதுவதற்கு இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் உடம்பு இல்லை. என்ன எழுதுவது என்று எனக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது. காலையில் கிழவிக்குச் சூப் ஊட்டும்போது உன்னை ஜெயிலில் பார்ப்பேன். பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், உண்மையைச் சொல்கிறேன். சாயங்காலம் அவளைப் படுக்க வைக்கும்போது, நீ வாசலில் வெள்ளையாக நின்று அழுதது ஞாபகம் வரும். ஆமாம், நான் கிழவிகளைக் குளிப்பாட்டுகிறவள்தான். அதை நீ அப்படி எழுதியிருக்க வேண்டாம். நீ உட்கார்ந்து எழுதிய மேஜைகூட அந்தக் குளிப்பாட்டிய தண்ணீரில் சம்பாதித்ததுதான்.

கடைசியில் என்னையே நான் கேட்டுக்கொண்டது இதுதான். உண்மையை எழுதினால் யாருக்கு வலிக்கும்? ஆலைக்கா? அவர்கள் வேறொருவனின் அக்காவைத் தேடிக்கொள்வார்கள். மெத்தோதி அண்ணனின் கிணறு தெளியுமா? அதுவும் இல்லை. நீ ஒருவன்தான் மாட்டுவாய், சேறு அங்கேயேதான் கிடக்கும்.

அதனால் அதிகாரிக்கு எழுதிவிட்டேன். அது என்ன சேறு, என்ன நிறம், அதில் என்னென்ன இருக்கிறது என்று என் தம்பி எனக்கு விவரமாகச் சொன்னான், தெரிந்தேதான் கேட்டேன் என்று எழுதினேன். கடிதத்தில் இருக்கிற தயிர் மாதிரிச் சேறு சும்மா சின்ன வயசுக் கதை, போனில் அவன் சொன்னதுதான் கணக்கு என்றும் சேர்த்தேன். நிலத்தை நகராட்சி எடுத்துக்கொள்ளும், அபராதத்துக்கு ஈடாக. சுற்றி முள்கம்பி போடுவார்களாம். மெத்தோதி அண்ணனுக்கும் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவர் இனி என்னைத் திட்டுவார், திட்டட்டும், அவருக்கு யாராவது வேண்டும்.

உன்மேல் இரக்கத்தில் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் வேண்டாம் என்று விட்டேன், அவ்வளவுதான். நான் ஊருக்கு வரப்போவதில்லை. வந்தால் எங்கே இறங்குவது? கிழவியின் மகள் என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள், சரி என்றேன். வேனெத்தாவுக்கு மாத்திரை கீரோவிடம் கொடுத்திருக்கிறேன், அவள்மேல் எனக்கு எதுவும் இல்லை. நூல் அனுப்ப வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடு.

இதற்குப் பதில் எழுதாதே. இந்தக் கடிதத்தை யார் கேட்டாலும் கொடுக்காதே. இதைக் கொடுத்தால் உன் பென்ஷன் போய்விடும். அதனால் இதையாவது பத்திரமாக வைத்துக்கொள்வாய்.

ஸ்தோயங்கா